ரப்பர் பாலைக் காக்கும் அம்மோனியா சோப்பு
(ஆணுறைக்குத் தேங்காய் எண்ணெய் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு விளக்கம்)



நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரப்பர் பால் புதிதல்ல. விடியுமுன் தோட்டத்துக்குப் போய் மரத்தில் பட்டை சீவிவிட்டு வந்தால், சிரட்டையில் வெள்ளை வெளேரென்று பால் ஒழுகி நிற்கும். அதை நேரத்தோடு எடுத்தால் பால். மறந்து விட்டுவிட்டால் கட்டிபட்டுப் போகும். மரத்தோடும் சிரட்டையோடும் ஒட்டிக் கிடப்பதை ஒட்டுப்பால் என்று தனியாகப் பிய்த்து, குறைந்த விலைக்குப் போடுகிறோம்.

ஷீட் அடிப்பவர்களுக்குப் பால் கட்டிபட்டால்தான் வேலை. அதற்காகவே ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆனால் சில சாமான்களுக்குப் பால் பாலாகவே இருக்க வேண்டும். டாக்டரும் நர்ஸம்மாவும் மாட்டிக்கொள்ளும் கையுறை அப்படி. குழந்தை ஊதும் பலூன் அப்படி. துணை சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுக்கும் ஆணுறையும் அப்படித்தான். ஊரெல்லாம் நிரோத் என்று சொல்கிறோமே, அதே சாமான்தான். நம் தோட்டத்துப் பால், பல கை மாறி, பல வாரம் கழித்து, ஒரு சிறு பொட்டலமாக நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனை வாரமும் அந்தப் பாலைக் கெடாமல் காப்பது யார்? அம்மோனியாவும், அம்மோனியாவால் ஆன ஒரு சோப்பும். இந்த சோப்பைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம். சோப்பைப் பற்றிச் சொல்ல குடும்ப நலத் துறைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த சோப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால், ஆணுறை எதனால் கிழிகிறது என்பதும் புரிந்துவிடும். ஆணுறை கிழிந்ததால் வேண்டாத நேரத்தில் கரு தங்கி, கண் கலங்கி நிலையத்துக்கு வரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பால் ஏன் திரிகிறது?

மரத்தில் வெட்டிய பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் இருக்கிறது. அந்தத் தோலில் ஒரேவகை மின்சாரம் கொஞ்சம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது.

காற்றிலும் சிரட்டையிலும் இருக்கும் கிருமிகள் இந்தப் பாலில் இறங்கிப் பெருகுகின்றன. பெருகும்போது புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறத் தள்ளும் சக்தி போய்விடும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் இருக்கும் பசும்பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிகிறதே, கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அம்மோனியா காரமான பொருள். மூக்கில் ஏறினால் கண்ணீர் வரவைக்கும் அந்த நெடி தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பாலில் கலந்தால் புளிப்பை முறிக்கும், கிருமியையும் வளரவிடாது. பிறகு இந்தப் பாலை எந்திரத்தில் போட்டு வேகமாகச் சுழற்றி, தண்ணீரைப் பெருமளவு பிரித்து, நூற்றுக்கு 60 பங்கு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாக்குகிறார்கள். அதில் நூற்றுக்கு முக்கால் பங்கு அளவுக்கு அம்மோனியா நிற்கும்படி விடுவது ஒரு முறை. அம்மோனியாவைக் குறைத்து, கிருமி வளராமல் வேறு மருந்துகளைச் சேர்ப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையில் கட்டாயம் சேர்க்கும் பொருள்களில் ஒன்றுதான் அம்மோனியம் லாரேட் என்ற நம் சோப்பு.

சோப்பு என்பது ஓர் உப்பு

உப்பு என்றவுடன் சோற்றுக்குப் போடும் உப்பு நினைவுக்கு வரும். ரசாயனப் படிப்பில் அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாகும் எல்லாவற்றுக்கும் உப்பு என்றுதான் பெயர். எண்ணெய்களிலும் நெய்யிலும் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. நம் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஓலிக் அமிலம் நிறைய இருக்கிறது.

இந்தக் கொழுப்பு அமிலத்தோடு சோடாக்காரம் சேர்ந்தால் கட்டி சோப்பு. பொட்டாஷ் காரம் சேர்ந்தால் களிம்புபோல் மிருதுவான சோப்பு. அம்மோனியா சேர்ந்தால் கிடைப்பது அம்மோனியம் சோப்பு. மூன்றும் அண்ணன் தம்பிகள்தான், குணத்தில் மட்டும் வித்தியாசம்.

சோப்புத் துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீரே ஆகாது, எண்ணெயும் பிசுக்கும்தான் பிடிக்கும். எண்ணெய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவும்போது வால்கள் எல்லாம் பிசுக்கில் போய்க் குத்திக்கொள்கின்றன, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. பிசுக்கு சிறு சிறு உருண்டையாகப் பிரிந்து தண்ணீரோடு ஓடிவிடுகிறது.

ரப்பர் பாலிலும் இதே வேலைதான் நடக்கிறது. சோப்பின் வால் ரப்பர் உருண்டையின் மேல் போய் ஒட்டுகிறது, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு உருண்டையும் முள் சட்டை போட்டதுபோல ஆகிவிடுகிறது. பக்கத்து உருண்டை நெருங்க முடியாது. இதற்கு வேண்டிய சோப்பு மிகமிகக் கொஞ்சம்தான், ஆயிரம் பங்கு பாலுக்கு ஒரு பங்குகூட வேண்டாம்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. வெளியிலிருந்து சோப்பைப் போடாவிட்டாலும், பாலிலேயே கொஞ்சம் சோப்பு தானாக உண்டாகிறது. உருண்டையின் தோலில் கொழுப்பு இருக்கிறது என்றேன் அல்லவா? அந்தக் கொழுப்பை அம்மோனியா நாளடைவில் உடைத்து, தன்னோடு சேர்த்துக்கொண்டு அம்மோனியம் சோப்பாக்கிவிடுகிறது. அதனால்தான் கெட்டிப்பாலை எடுத்தவுடனே தொழிற்சாலையில் பயன்படுத்துவதில்லை. சில வாரம் தொட்டியில் வைத்திருந்து, பால் பக்குவப்பட்ட பிறகுதான் எடுக்கிறார்கள்.

பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நாம் மோர் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல, கெட்டிப்பாலை நிமிஷத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கடைகிறார்கள். எத்தனை வினாடியில் வெண்ணெய் திரள்வதுபோல ரப்பர் திரள்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 650 வினாடியாவது திரளாமல் நிற்க வேண்டும் என்பது தரக்கணக்கு. மோரில் வெண்ணெய் சீக்கிரம் திரண்டால் நமக்கு சந்தோஷம். இங்கே திரளாமல் இருந்தால்தான் அவர்களுக்கு சந்தோஷம்.

நம் ஊரில் சில கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளைத் திப்பியாக நின்றுவிடும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் அப்படி. ரப்பர் பாலிலும் மக்னீசியம் உண்டு. அது மிஞ்சினால் சோப்பு வீணாகி, பால் நிலைகொள்ளாமல் போகும். ஆகையால் டை அம்மோனியம் பாஸ்பேட் என்ற பொருளைக் கலந்து, மக்னீசியத்தை அடியில் படியவைத்துப் பிரித்துவிடுகிறார்கள்.

அம்மோனியம் சோப்பின் தனிக்குணம்

கட்டி சோப்பு அடுப்படியில் எத்தனை நாள் கிடந்தாலும் சோப்புதான். அம்மோனியம் சோப்பு அப்படியில்லை. அம்மோனியாவும் வலுக்குறைந்த காரம், கொழுப்பு அமிலமும் வலுக்குறைந்த அமிலம். இருவருக்கும் பிடிப்பு குறைவு. சூடு பட்டால் அம்மோனியா காற்றோடு பறந்துவிடும், கொழுப்பு அமிலம் மட்டும் தங்கிவிடும். துணி துவைக்கிறவர்களுக்கு இந்தக் குணம் குறை. ரப்பர் வேலைக்கு இதுவே வசதி. பால் பாலாக இருக்கும்வரை சோப்பு காவல் நிற்கிறது. வார்த்து உலர்த்தியபின் அம்மோனியா தானே விலகிவிடுகிறது. மிஞ்சும் கொழுப்பு அமிலமும் வீணல்ல. ரப்பரில் கலந்திருக்கும் துத்தநாக ஆக்ஸைடோடு சேர்ந்து, கந்தகம் ரப்பரைப் பதப்படுத்தும் வேலைக்கு உதவி செய்கிறது.

ஆணுறை எப்படி உருவாகிறது?

கெட்டிப்பாலில் கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு முதலியவற்றைக் கலக்கிறார்கள். விரல் வடிவக் கண்ணாடி அச்சுகளை அதில் முக்கி எடுக்கிறார்கள். உலர்ந்தபின் இன்னொரு தடவை முக்குகிறார்கள். வாய்ப்பகுதியைச் சுருட்டி விளிம்பு செய்து, சூட்டில் பதப்படுத்தி, கழுவிக் கழற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தவிர, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்கிறார்கள், காற்றை ஊதி வெடிக்கவும் வைக்கிறார்கள். சாதாரண அளவுள்ள ஆணுறை 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. குடிதண்ணீர் பிடிக்கும் பெரிய குடம் ஒன்றைவிட அதிகம்! ரேஷன் கடைச் சாமான்போல் ஏதோ மட்டமாகச் செய்து இலவசமாகத் தள்ளுகிறார்கள் என்று சிலர் பேசுவது வழக்கம். இலவசமானாலும் விலைக்கு விற்பதானாலும் இந்தச் சோதனைகளில் தேறியே ஆக வேண்டும்.

1968-ல் நிரோத் கடைக்கு வந்தபோது மூன்று உறை 15 பைசா. அப்போது வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். 1966-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. 2009 முதல் அதன் பெயர் எச்.எல்.எல். லைஃப்கேர். ரப்பர் விளையும் பூமிக்குப் பக்கத்திலேயே ஆலை வைத்தது நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்: தேங்காய் எண்ணெய்

பழைய பிரசுரங்களில் ‘எண்ணெய், வாசலின் தடவக் கூடாது’ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். ஏன் என்று சொல்லமாட்டார்கள். காரணம் சொல்லாமல் ‘கூடாது’ என்றால் நம்மூரில் யார் கேட்கிறார்கள்? தலைக்கும் தேங்காய் எண்ணெய், குழந்தை உடம்புக்கும் தேங்காய் எண்ணெய், தீப்புண்ணுக்கும் அதுவே என்று பழகிய மாவட்டம் இது. தேங்காய் எண்ணெய் ஒன்றைக் கெடுக்கும் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

பாருங்கள், தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கும் லாரிக் அமிலம், அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாக மாறினால் ரப்பர் பாலைக் காக்கிறது. அதே தேங்காய் எண்ணெய் எண்ணெயாகவே ரப்பர் மேல் பட்டால் அதை அழிக்கிறது. என்ன வித்தியாசம்? உப்பாக மாறிய பிறகு அதற்குத் தண்ணீரைப் பிடிக்கும் தலை வந்துவிடுகிறது. அந்தத் தலை வெளியே நிற்பதால் ரப்பரின் மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. எண்ணெய்க்கு அப்படித் தடுக்கும் தலை கிடையாது. முழுக்க முழுக்க வால்தான் என்று வையுங்கள். ரப்பரும் எண்ணெய் இனத்தைச் சேர்ந்த பொருள். இனம் இனத்தோடு சேர்கிறது. எண்ணெய் ரப்பருக்குள் இறங்கி, அதன் இழைகளை விலக்கி, ஊறவைத்து, உப்பவைக்கிறது. உப்பிய ரப்பருக்கு பலம் கிடையாது.

அம்மியில் அரைக்க ஊறவைத்த பருப்புபோல மணிக்கணக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். ஆணுறை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கனம் இல்லாதது. எண்ணெய் பட்டால் சில நிமிஷங்களிலேயே பலம் பெருமளவு போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கையில் எடுத்து இழுத்தாலும் நல்லதுபோலத்தான் இருக்கும். உபயோகத்தின் நடுவில் கிழியும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் ஒரு வழி. ஒரே நிறத்தில் இரண்டு பலூன் வாங்கி ஒரே அளவு ஊதிக் கட்டுங்கள். ஒன்றின்மேல் தண்ணீரும் மற்றதன்மேல் தேங்காய் எண்ணெயும் நன்றாகத் தேய்த்து வையுங்கள். கூட்டங்களில் இதைச் செய்து காட்டுவதுண்டு. எண்ணெய் தேய்த்தது வெடிக்கும்போது பின்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமார்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டுமல்ல. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வாசலின், குழந்தைகளுக்குத் தேய்க்கும் பேபி ஆயில், முகத்துக்குப் போடும் எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் எதுவும் ஆகாது. வெள்ளைப்படுதலுக்காகப் பெண்கள் உள்ளே வைக்கும் சில மருந்துகளிலும் களிம்புகளிலும் எண்ணெய்ப் பொருள் இருக்கும். அந்த மருந்து வைக்கும் நாட்களில் ஆணுறையை நம்பலாமா என்று மருந்து கொடுத்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

‘ஆணுறையே வழவழவென்று எண்ணெய் பூசியதுபோல் இருக்கிறதே, அது மட்டும் ஆகுமா?’ என்று ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அது சிலிக்கோன் என்ற வேறு இனப் பொருள். பெயர்தான் சிலிக்கோன் எண்ணெய், ரப்பருக்குள் இறங்காது.

‘சோப்பு ரப்பரைக் கெடுக்காது என்றீர்களே, அப்போ சோப்புத் தண்ணீர் தடவலாமா?’ என்பது அடுத்த கேள்வி. வேண்டவே வேண்டாம். ரப்பருக்கு ஆகும், உடம்புக்கு ஆகாது. பிறப்புறுப்பின் உள்தோல் மிகவும் மென்மையானது. சோப்பு பட்டால் எரியும், புண்ணாகும். அங்கே இயற்கையாக உள்ள புளிப்புத்தன்மை நோய் வராமல் காக்கிறது. சோப்பு அதை முறித்துவிடும். அதே காரணத்தால் சோப்புப் போட்டு உள்ளே கழுவும் பழக்கமும் நல்லதல்ல.

குழந்தை பெற்ற தாய்மார் கவனிக்க

எண்ணெய் ஏன் தேடுகிறார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. நர்ஸம்மாவிடம் காதோடு சொல்வதைத்தான் நான் இங்கே அச்சில் சொல்கிறேன். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் உடம்பில் சில சுரப்புகள் குறைவதால் பெண்ணுறுப்பில் ஈரம் குறைந்திருக்கும். இது நோயல்ல, புருஷன்மேல் ஆசை இல்லாததன் அடையாளமும் அல்ல. ஆனால் வலி இருக்கும். வலிக்குப் பயந்து எண்ணெய் தடவுகிறார்கள். மாத்திரை வேண்டாம், காப்பர்-டி பயம், அதனால் ஆணுறை என்று முடிவு செய்த அதே குடும்பத்தில், அதே மாதங்களில், எண்ணெயால் உறை கிழிகிறது. மாதவிலக்கு இன்னும் வரவில்லையே என்ற தைரியத்தில் கிழிந்ததைப் பொருட்படுத்துவதும் இல்லை. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது ஆன பிறகே அடுத்த கரு தங்குவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் பிரசவம் ஆப்பரேஷனாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கர்ப்பப்பையில் போட்ட தையல் நன்றாகக் கூடி வலுப்பட நாள் வேண்டும் அல்லவா?

ஈரக்குறைவுக்கு மருந்துக் கடையில் தண்ணீரில் செய்த ஜெல்லி கிடைக்கும். கடைக்காரரிடம் ‘தண்ணீரில் கரையும் ஜெல்லி’ என்று கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக்கு டாக்டர்கள் பயன்படுத்துவதும் இந்த வகைதான். ரப்பருக்கும் உடம்புக்கும் கெடுதல் இல்லை. கேட்க வெட்கமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். ஆம்பிளைகள் போய் வாங்கி வந்தால் இன்னும் நல்லது.

வெள்ளைத் தைலம்

அம்மோனியம் சோப்பு மருந்து சீசாவிலும் உண்டு. மூட்டுவலி, சுளுக்குக்குத் தேய்க்க பால்போல வெள்ளையாக ஒரு தைலம் ஆஸ்பத்திரிகளில் சீசா சீசாவாகக் கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பிரிட்டிஷ் மருந்து நூலில் அதற்கு ‘ஒயிட் லினிமென்ட்’ என்று பெயர். ஓலிக் அமிலத்தையும் அம்மோனியாக் கரைசலையும் சேர்த்தால் அங்கேயே அம்மோனியம் ஓலியேட் என்ற சோப்பு உண்டாகிறது. தண்ணீரையும் டர்பன்டைன் எண்ணெயையும் பிரிய விடாமல் இந்த சோப்பு கட்டிவைக்கிறது. கொஞ்சம் நவச்சாரமும் அதில் சேரும். பால்போன்ற வெள்ளை நிறம் அப்படி வருவதுதான்.

டர்பன்டைன் ரப்பரைக் கரைக்கக்கூடியது. பகலெல்லாம் சுமை தூக்கி வந்தவருக்கு ராத்திரி முதுகில் தைலம் தேய்த்துவிட்டு, அதே கையோடு ஆணுறைப் பொட்டலத்தைப் பிரித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலிக்குப் போடும் எந்தத் தைலமானாலும், களிம்பானாலும், கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்தபின் தொடுங்கள். இத்தகைய தைலத்தைப் புண்ணில் போடக்கூடாது, கண்ணுக்கும் குழந்தைக்கும் எட்டக்கூடாது. பால் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். டர்பன்டைன் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எவ்வளவு நம்பலாம்?

ஒவ்வொரு முறையும், சரியான விதத்தில் உபயோகித்தால், ஓராண்டில் 100 தம்பதிகளில் 2 பேருக்குத்தான் கரு தங்குகிறது. நடைமுறையில், மறப்பதும் தவறாகப் போடுவதும் சேர்ந்து, 13 பேருக்குத் தங்குகிறது. 2-க்கும் 13-க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி ரப்பரின் குற்றமல்ல, பழக்கத்தின் குற்றம். எண்ணெய் அதில் ஒரு பங்கு. மற்றவையும் உண்டு: சட்டைப்பையிலும் மணிபர்சிலும் வைத்து உடம்புச் சூட்டில் வாட்டுவது, தகரக் கூரைக்கு அடியில் பரணில் போட்டுவைப்பது, பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிப்பது, நுனியில் காற்றை அமுக்கி விடாமல் போடுவது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவது. பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். கழுவிக் காயவைத்து இன்னொரு தடவை உபயோகிக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடாது. உபயோகித்ததை முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ரப்பரில் தங்கியுள்ள புரதமே பெரும்பாலும் காரணம். பலூன் ஊதினாலோ கையுறை போட்டாலோ உதடு வீங்குகிறவர்கள் ஆணுறையை விட்டு வேறு முறையை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் பட்டோ, வேறு காரணத்தாலோ கிழிந்துவிட்டால் அழுது பயனில்லை, ஒளிக்கவும் வேண்டாம். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அவசரக் கருத்தடை மாத்திரை கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது இன்னும் பலமான தடுப்பு. ஆணுறை மட்டுமே பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் காப்பு தருவது என்பதால், நோய்ச் சந்தேகம் இருப்பவர்கள் கிழிந்ததைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணிக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.

தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பாலில் ஊற்ற வைத்திருக்கும் அம்மோனியாக் கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றிவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பார்வைக்குத் தண்ணீர்போலவே இருக்கும். அது இருக்கும் கேனில் பெயர் எழுதி, மூடி இறுக்கி, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்க வேண்டாம், விஷப்புகை கிளம்பும்.

கண்ணில் தெறித்தால் தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது போன்ற கைவைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். வலி குறைந்தாலும் கண் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அம்மோனியா கண்ணின் உள்வரை இறங்கக்கூடியது. யாராவது குடித்துவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள், முறிப்பதற்கென்று புளித்தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.